வீட்டுக்கு வெட்டிய ரெண்டு பேர்

பதுளை,
2025 பெப்ரவரி 11

திருமதி இ. அங்கம்மா அவர்கட்கு,
ஏழாம் இலக்க வீடு, மேற்பிரிவு, மடுல்சீமை.

வாடகை நிலுவை தொடர்பாக

எமது நிழற்கூரை வீட்டு நிதியத்துக்குரிய மேற்படி வீட்டில் தாங்களும் தங்கள் கணவர் திரு. இராமையாவும் கூட்டுக் குடியிருப்பாளர்களாகப் பதிவாகியுள்ளீர்கள். பத்து வருடங்கள் வாடகை ஒழுங்காகச் செலுத்தப்படின் வீட்டின் உறுதிப்பத்திரம் தங்களிருவர் பெயரிலும் எழுதித் தரப்படும் என்பது தாங்கள் அறிந்ததே. எனினும் கடந்த செப்டெம்பர் தொடக்கம் ஐந்து மாத நிலுவை உள்ளது. பாதை சரிந்திருப்பதால் நான் நேரில் வர இயலாதுள்ளது. தங்கள் தொலைபேசி இலக்கமும் எமது பதிவில் இல்லை. ஆகவே நிலுவையைத் தீர்க்கும் வழியை எழுத்தில் அறியத் தரவும். தவறின், விதிப்படி பெயர்களை நீக்க நேரிடும்.

இப்படிக்கு,
நஸ்மியா
குடியிருப்பாளர் தொடர்பு உத்தியோகத்தர்


மடுல்சீமை,
பெப்ரவரி 24

மதிப்புக்குரிய நஸ்மியா மிஸ்ஸுக்கு,

ஏழாம் வீட்டு அங்கம்மா எழுதுவது. எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். உங்கள் கடிதத்தைக் கணக்கப்பிள்ளை காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில், வேலைக்கு நின்ற அத்தனை சனத்துக்கும் முன்னால் கொடுத்தார். "என்னா அங்கம்மா, பதுளையில ஒனக்கு உத்தியோகம் கெடச்சிருச்சா?" என்று ஒரு நக்கல் வேறு. இனிமேல் கடித உறையில் நிதியத்தின் முத்திரையைக் கொஞ்சம் சின்னதாகக் குத்துங்கள்.

ஐந்து மாத நிலுவை என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுவை என்று எழுதப்போய் எழுத்து மாறிவிட்டது என்று நினைக்கிறேன். என் நிறுவையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் வந்து கேட்டுப் பாருங்கள். அப்படியே குறைந்தாலும் அது எனக்கும் தோட்டத்துக்கும் உள்ள கணக்கு. வீட்டு ஆபீசுக்கு அதில் என்ன வேலை?

வாடகை வரவில்லை என்பதும் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு மாதம் தவறாமல் ரெண்டு பேர் வெட்டுகிறார்கள். இருபத்தைந்து பேர் இருந்தால் இருபத்து மூன்றுக்குத்தான் எனக்குக் காசு. என் வீட்டுக்காரர் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நிற்கிறார். அவரும் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் கொடுத்த வங்கிக் கணக்குக்குத்தான் இன்னும் என் சம்பளம் போகிறது. அவர் எடுத்து, மீதியை லுணுகலையில் ஒரு கடைக்கு அனுப்புவார், நான் அங்கே போய் வாங்கிக்கொள்வேன். "ரெண்டு பேர் வீட்டுக்கு வெட்டியாச்சு" என்று ஒவ்வொரு மாதமும் அவரே சொல்லுவார்.

எழுத்தில் கேட்டீர்கள், எழுத்திலேயே தருகிறேன். ரெண்டு பேரையும் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இ. அங்கம்மா


பதுளை,
மார்ச் 5

திருமதி அங்கம்மா அவர்கட்கு,

தங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். "வெட்டுகிறார்கள்" என்பதைக் கண்டு முதலில் பதறிவிட்டேன். பதிவிலிருந்து பெயர் வெட்டுவதைத்தான் சொல்கிறீர்கள் என்று பிறகு விளங்கியது.

இரு விடயங்களில் தெளிவு தேவை. வீட்டில் இருபத்தைந்து பேர் என்று குறிப்பிட்டுள்ளீர்கள். எமது பதிவின்படி தாங்கள், கணவர், மகள் என மூவரே. நிதியத்தின் வீடொன்றில் ஐந்து பேருக்கு மேல் வசிக்க அனுமதியில்லை. மீதி இருபத்திரண்டு பேரும் யார்? அவர்களிடம் தாங்கள் காசு வாங்குகிறீர்களா?

அடுத்தது, இரண்டு பேரையும் வெட்ட ஆட்சேபணை இல்லை என்று எழுதியுள்ளீர்கள். இது பாரதூரமான முடிவு. உண்மையில் இரண்டு பேரையும் வெட்டுவதா, ஒருவரை மட்டும் வெட்டினால் போதுமா என்பதை இம்மாத முடிவுக்குள் உறுதிப்படுத்தவும்.

நஸ்மியா


மடுல்சீமை,
மார்ச் 17

நஸ்மியா மிஸ்ஸுக்கு,

யார் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? எல்லாம் நான்தான். அத்தனையும் என் பேர். மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, ஒரு நாள் விடாமல் மலைக்குப் போய்ச் சம்பாதித்த பேர். காசு வாங்குகிறீர்களா என்று கேட்கிறீர்களே, பேருக்குக் காசு வாங்காமல் சும்மாவா விடுவார்கள்? அதுவும் மீதி இருபத்திரண்டு இல்லை, இருபத்து மூன்று. ஒன்றை எங்கே விட்டீர்கள்? படித்தவர்கள் கணக்கே இப்படி இருந்தால் எங்களை ஏன் குறை சொல்கிறீர்கள்?

ஒன்றை மட்டும் வெட்டினால் வீட்டுக்கு எப்படிக் காணும்? ரெண்டையும் வெட்டுங்கள். முழுசாக வெட்டுங்கள். அரைகுறையாக வெட்டினால் பிறகு கணக்குக் குழம்பிப் போகும். இதற்குமேல் உறுதி வேண்டுமானால் நான் கோயிலில் சூடம் அடித்துத்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் போஞ்சி போட்டிருக்கிறேன். பாதை திறந்ததும் வந்தால் பறித்துக்கொண்டு போகலாம். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் கோபம்தான்.

இ. அங்கம்மா


மடுல்சீமை,
ஏப்ரல் 28

மிஸ்,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து ஒழுங்காக இருக்காது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். கீழ்ப்பிரிவு இருதயம்மா அளவு நாடாவோடு வந்து என் முன் ஜன்னலை அளக்கிறாள்.

"என்னாடி பண்ற?"

"திரை தைக்கத்தான் அக்கா. தையல் கடையில அளவு கேட்டாங்க."

"என் ஜன்னலுக்கு நீ எதுக்குத் திரை தைக்கிற?"

அவள் முகம் செத்துப் போய்விட்டது. "அக்கா, ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். நீங்கதான் ரெண்டு பேரையும் வெட்டச் சொல்லி எழுதிக் குடுத்திட்டீங்களாமே. மே மாசக் கடைசியில இந்த வீடு எங்களுக்குன்னு கடிதம் வந்திருக்கு."

அவளுக்கு வந்த கடிதம் அவள் கையில் இருக்கிறது. எனக்கு அனுப்பியது ஆபீசில் கிடந்ததாம், கிளாக்கரையா லீவாம். இன்று காலை போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்தேன். "தங்கள் எழுத்துமூல வேண்டுகோளின்படி" என்று போட்டிருக்கிறீர்கள். நான் எப்போது வேண்டினேன்? வாடகைக்கு ரெண்டு பேர் வெட்டிக்கொள்ளச் சொன்னால் வீட்டை விட்டே வெட்டுவீர்களா? நான் மகளோடு எங்கே போவேன்? நாங்கள் இருந்த லயத்துக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது.

இருதயம்மா மேல் எனக்குக் கோபமில்லை. காற்று அவள் லயத்துக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய், கூரைக்குப் பதிலாகக் கட்டிய படங்குக்குக் கீழே பிள்ளையோடு கிடக்கிறாள். வீடு கிடைத்தால் யார்தான் திரை தைக்க மாட்டார்கள்? உங்கள் மேல்தான் வயிறு எரிகிறது. போஞ்சியும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

அங்கம்மா


பதுளை,
மே 6

அங்கம்மா அக்காவுக்கு,

இது அலுவலகக் கடிதம் இல்லை. தங்கியிருக்கிற போர்டிங்கில் இருந்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் எங்கள் சாரதி ஜௌபர் நானாவிடம் காட்டினேன். அவர் பசறைப் பக்கம் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவர். வாசித்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மிஸ், பெரிய அநியாயம் நடந்திரிச்சி" என்றார். "தோட்டத்துல பேரெண்டா ஒரு நாள் சம்பளம். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவாங்க. கொழுந்து கொறைஞ்சா அரைப்பேர். இந்தப் பொம்பள ரெண்டு நாள் சம்பளத்த வாடகைக்கு எடுக்கச் சொல்லியிருக்கு. நீங்க புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரையும் வெட்டிட்டீங்க."

நான் அக்கரைப்பற்று ஆள், அக்கா. எங்கட ஊரில் பேர் என்றால் பேர்தான். நீங்கள் இருபத்தைந்து பேர் என்றதும் வீட்டை வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். "அத்தனையும் என் பேர்" என்றதும் அது உறுதி என்று நினைத்தேன். வீடு கொடுக்கிற குழுவில் அப்படியே வாசித்தேன். போஞ்சி போட்டிருக்கிற ஆள் ஏன் வீட்டை விடப் போகிறார் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

ஆனால் இன்னொன்று விளங்கவில்லை. உங்கள் தோட்டத்துக் கிளாக்கருக்குப் போன் எடுத்தேன். எங்கள் நிதியத்துக்கென்று யாருடைய சம்பளத்திலும் எதையும் வெட்டுவதில்லை, அப்படி ஓர் ஒழுங்கே இல்லை என்கிறார். வாடகையை முன்பு உங்கள் கணவர்தான் வங்கியில் கட்டி வந்திருக்கிறார், செப்டெம்பரில் நின்றுவிட்டது. அப்படியென்றால் அந்த ரெண்டு பேர் எங்கே போகிறது?

நஸ்மியா


மடுல்சீமை,
மே 15

நஸ்மியா மிஸ்ஸுக்கு,

கிளாக்கரையாவிடம் போய் என் சம்பளச் சிட்டையைக் கேட்டேன். எல்லாம் முழுசாக இருக்கிறது. ஒரு பேரும் வெட்டவில்லை. அத்தனையும் என் வீட்டுக்காரரின் கணக்குக்குப் போயிருக்கிறது. அந்த மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன், ஏதோ நான் திருடியது மாதிரி.

எங்களுக்குக் கோயில் மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். இருதயம்மாவின் போனை வாங்கிக்கொண்டு போய் அவருக்கு அடித்தேன்.

"ஏங்க, அந்த ரெண்டு பேர் எங்க போச்சு?"

"எந்த ரெண்டு பேரு?"

"மாசா மாசம் வீட்டுக்கு வெட்டுனது."

சாப்பாட்டுக் கடைச் சத்தம்தான் கேட்டது. பிறகு சொல்கிறார்: "சீட்டுக் கட்டுனேன் அங்கம்மா. சீட்ட எடுத்து மொத்தமா வீட்டுக்குக் கட்டிரலாம்னு பாத்தேன். புடிச்ச ஆளு ஓடிட்டான். ஒன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

சீட்டுக் கட்டினாரா, குடித்தாரா, வேறு ஏதுமா, எனக்குத் தெரியாது. குரலைக் கேட்டால் உண்மை மாதிரித்தான் இருக்கிறது. அந்தக் குரலில்தானே ஒவ்வொரு மாதமும் "வெட்டியாச்சு" என்றும் சொன்னார்? அவர் பொய் சொன்னதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. தனியாகக் கொழும்பில் பாத்திரம் கழுவுகிறாரே என்று நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரியவில்லை.

உங்களைத் திட்டி எழுதிவிட்டேன். நீங்கள் தெரியாமல் வெட்டினீர்கள். வீடு திரும்பக் கிடைக்குமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

அங்கம்மா


பதுளை,
மே 22

அங்கம்மா அக்காவுக்கு,

குழுத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நன்றாக ஏசினார். ஏச்சு எனக்குத்தான், உங்களுக்கில்லை. இருதயம்மாவுக்கு வீடு கொடுப்பதை இரண்டு கிழமை தள்ளிவைத்திருக்கிறார். இப்போது ரெண்டு வழி இருக்கிறது, கவனமாக வாசியுங்கள். இந்த முறை நான் விளங்காத மாதிரி எழுதவே மாட்டேன்.

லேசான வழி இது. நீங்களும் உங்கள் கணவரும் ஒப்பம் வைத்து ஒரு கடிதம் தந்தால் ரெண்டு பெயரையும் பழையபடி சேர்த்துவிடலாம். குழு ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டது.

மற்றது, உங்கள் பெயரில் மட்டும் புதிதாக விண்ணப்பிப்பது. அதற்கு நீங்கள் தனியாக வாடகை கட்டக்கூடிய ஆள் என்று குழுவுக்குக் காட்ட வேண்டும். இதுவரை தனிப் பெண் ஒருவரின் பெயரில் வீடு கொடுத்ததில்லை. கிடைக்கும் என்று என்னால் வாக்குத் தர முடியாது. கிடைக்காவிட்டால் வீடு போய்விடும்.

எந்த வழி என்றாலும், உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறப்போம். பாதையில் சின்ன வாகனம் வரலாம் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அடையாள அட்டையோடு லுணுகலைக்கு வாருங்கள், நானும் வருகிறேன். சம்பளத்தை அந்தக் கணக்குக்கு மாற்றச் சொல்லிக் கிளாக்கருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தால் போதும். வாடகை அதிலிருந்து தானாகவே எங்களுக்கு வந்துவிடும். நின்றுபோன மாதங்களை ஒரேயடியாகக் கட்ட வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

என் புத்தியைக் கேட்டால், முதல் வழியில் போங்கள். வீடு பத்திரம். மற்றதை எல்லாம் பிறகு பார்க்கலாம்.

நஸ்மியா


மடுல்சீமை,
ஜூன் 2

நஸ்மியா மிஸ்ஸுக்கு,

லுணுகலையில் வைத்து எந்த வழி என்று உங்களிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். வங்கிப் புத்தகத்தில் என் பேர் இருக்கிறது. வேனில் வரும் வழியெல்லாம் திறந்து திறந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த பொம்பளை ஏதோ நிறையக் காசு இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். டின் மீனும் மகளுக்குச் சப்பாத்தும் கொண்டு வந்தார். நான் போனில் சொன்னதைக் கேட்டு, நீங்கள் சொன்ன மாதிரியே கடிதம் எழுதி ஒப்பமும் வைத்துக்கொண்டு வந்திருந்தார். சோறு போட்டேன். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "என் பேரையும் சேத்துப் போடச் சொல்லு அங்கம்மா, ஆம்பளப் பேரு இருந்தாத்தான் வீடு தங்கும்" என்றார். அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்படித்தான் அவருக்குத் தெரியும்.

அந்தத் தாளை இதோடு சேர்த்து அனுப்புகிறேன். நான் ஒளித்துவிட்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. ஆனால் அதைப் பாவிக்க வேண்டாம்.

நான் பலதும் யோசித்துப் பார்த்தேன். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் மலைக்குப் போவது நான். பேர் பதிகிற செக்ரோலில் ஒரு நாள்கூட அரைப்பேர் வாங்காதவள். அப்படிப்பட்டவள் இந்த வீட்டுத் தாளில் மட்டும் அரைப்பேராக இருந்திருக்கிறேன். அதனால்தான் மீதி அரை எங்கே போகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. நீங்கள் தெரியாமல் வெட்டினாலும் வெட்டியது வெட்டியதாகவே இருக்கட்டும். திரும்பப் போடும்போது ஒன்றை மட்டும் போடுங்கள்.

அவரை நான் விரட்டவில்லை. வரலாம், போகலாம், சாப்பிடலாம். வீட்டில் இருக்கட்டும். தாளில் வேண்டாம். கிடைக்காவிட்டால் வீடு போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். ராத்திரியெல்லாம் அதை நினைத்துப் பயந்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதைத்தான் எழுதுகிறேன்.

இன்னொரு விசயம். மழை விடும்வரை இருதயம்மா, அவள் புருசன், பிள்ளை மூவரும் என் முன் அறையில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் கொழும்புக்குத் திரும்பிவிட்டார்; நானும் மகளும் ரெண்டு பேர், அவர்கள் மூன்று பேர். உங்கள் விதிப்படி சரியாக ஐந்து. இந்தப் பேர் ஆள் கணக்குத்தான் மிஸ், குழம்ப வேண்டாம். அவள் தைத்த திரையும் ஜன்னலுக்கு அளவாக இருக்கிறது.

அங்கம்மா


பதுளை,
ஜூன் 12

அங்கம்மா அக்காவுக்கு,

நேற்றுக் குழு கூடியது. உங்கள் கணவரின் தாளையும் உங்கள் கடிதத்தையும் மேசையில் வைத்தேன். ஒளிக்கவில்லை. லேசான வழி கையில் இருக்கும்போது ஏன் இந்தக் கரைச்சல் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். உங்கள் சம்பளச் சிட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஜௌபர் நானாவையும் உள்ளே கூப்பிட்டுப் பேர் என்றால் என்ன, அரைப்பேர் என்றால் என்ன என்று சொல்லவைத்தேன். பகல் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது.

இருதயம்மாவுக்கு ஒன்பதாம் வீட்டை எழுதியிருக்கிறோம். பூச்சு வேலை முடிந்ததும் கொடுப்பார்கள்.

கடைசியில் தலைவர் பதிவேட்டைத் திறந்து, பேனையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப ஏழாம் வீட்டுக்கு ஒரு பேர் மட்டும்தானா, மிஸ்?" என்று கேட்டார்.

"ஓம் சேர்" என்றேன். "முழுப்பேர்."

நஸ்மியா